இரண்டு மணிக்கட்டு

கடையில் வைத்து முடிவு பண்ணாதீங்க என்றார் கௌஸ் பாய்.
சின்னக்கடை வீதியில்
வளையல் கடைக்கும் பூட்டு ரிப்பேர்க்காரருக்கும் நடுவே
ஓர் ஆள் மட்டும் நிற்க முடிகிற கடை.
இடது மணிக்கட்டில் வெட்டிவேர்.
வலதில் அவர் பெயர் சொல்லாத ஒன்று:
கிராம்பு, ஆரஞ்சுத் தோல், அடியில் எரிந்த கட்டை.
"இது வெயிலுக்கு, அது குளிருக்கு.
இது ஆபீசுக்கு, ஆஸ்பத்திரிக்கு, துக்க வீட்டுக்கு.
அது நிச்சயதார்த்தத்துக்கு, ராத்திரி விருந்துக்கு.
சாயந்திரம் வரைக்கும் கழுவாம சுத்திட்டு வாங்க,
கையே சொல்லும்."

கைக்கு என்ன தெரியும்?
பதினாறு வருஷமாக
சேகோ ஃபேக்டரி லேபில் மாவுப்பால் அளக்கிற கை.
தொட்டியில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தங்கினாலே
புளிப்பு ஏறுவதை
மீட்டருக்கு முன்னால் சொல்லிவிடும் என் மூக்கு.
ஆத்தூர் ரோட்டில் பஸ் ஏறினால்
பக்கத்து சீட் கொஞ்சம் நகர்ந்து உட்காரும்.

அன்று ஞாயிறு. ஏற்காடு பஸ்.
மேலே எட்வின் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்,
எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிறவர்,
மனைவி இறந்து நாலு வருஷம்.
என் விவாகரத்துக்கு ஒன்பது வயது.
தரகர் இல்லை, ஜாதகம் இல்லை,
ஒரு காப்பி குடிக்கலாம் என்பதுதான் பேச்சு.

அஸ்தம்பட்டி சிக்னலில் இடது கை ஜெயித்தது.
நனைத்துத் தொங்கவிட்ட தட்டிக்குப் பின்னால்
உட்கார்ந்திருப்பது போல அடிவாரம் வரைக்கும்.
வலது கையோ அந்தச் சூட்டில்
மண்டபத்து ஸ்பீக்கர் மாதிரி கத்தியது.
முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

6/20 என்று பெயின்ட் அடித்த வளைவில்
முன் சீட்டுக் குழந்தை வாந்தி எடுத்தது.
எலுமிச்சம்பழம் இருக்கா என்றாள் அதன் அம்மா.
இல்லை. இடது கையை நீட்டினேன்.
முகர்ந்து, கண்ணை மூடி,
பதினோராவது வளைவு வரைக்கும்
குழந்தை என் கையை விடவே இல்லை.
திரும்பக் கிடைத்தபோது
அதில் வெட்டிவேர் இல்லை, எச்சில் ஈரம் இருந்தது.

பதினைந்தோ பதினாறோ,
ஜன்னலில் பனி ஒட்டத் தொடங்கியபோது
வலது கை தணிந்த குரலில் பேச ஆரம்பித்தது.
கீழே கத்தியதும் இதுதானா?
சில பேரை வீட்டில் பார்க்கக் கூடாது,
வேறு ஊரில் பார்க்க வேண்டும் என்பார்களே, அப்படி.

ஏரிக்கு எதிர் ஹோட்டல். எட்வின்.
ஸ்வெட்டரில் மிளகு, விரலிடுக்கில் மசி.
வலது கையால்தான் டம்ளரை எடுத்தேன்,
அவர் பக்கமாக, தேவைக்கு மேல் மெதுவாக.
கொஞ்சம் மோந்து பார்த்துவிட்டு
"குச்சிக்கிழங்கு வாசம் வருதுங்க" என்றார்.
பிறகு, "நல்ல வாசந்தான்."

இறங்கும்போது எட்டு வளைவுக்குக் கோபம்.
ஒன்பதாவதில்,
பொய் சொல்லத் தெரியாத ஒருத்தர்
வீட்டுக்குள் இருப்பது நல்லதா கெட்டதா என்று
யோசிக்க ஆரம்பித்தேன்.
பதில் வருவதற்குள் அடிவாரம் வந்துவிட்டது.

கௌஸ் பாய் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்.
"கை என்ன சொல்லுச்சு?"
"ரெண்டும் மாத்தி மாத்திச் சொல்லுது பாய்.
வலதைக் குடுங்க."
"பங்குனி வருதும்மா. இனி வெயில்தான்."
"தெரியும்."

இப்போது சித்திரை. சேலத்தில் நூற்று நாலு டிகிரி.
நேற்று எட்வினிடமிருந்து மெசேஜ்:
மேலே மழை. காப்பி பூத்திருக்கு.
மூணு நாள்தான் வாசம் இருக்கும்.
இன்னும் பதில் போடவில்லை.
காலையில் எழுந்து இரண்டு மணிக்கட்டிலும்,
கழுத்தில் கொஞ்சம், வலதையே பூசிக்கொண்டு
வேலைக்கு வந்துவிட்டேன்.

சூப்பர்வைசர் தங்கராசு ஜன்னலைத் திறந்தார்.
ஃபேனைக் கூட்டினார்.
பதினோரு மணிக்குக் கேட்டே விட்டார்:
"என்னங்க, யாருக்காவது கல்யாணமா?"

தொட்டியில் மாவு படிந்துகொண்டிருக்கிறது.
புளிப்பு ஏறிவிட்டதா இல்லையா,
இன்றைக்கு மட்டும்
மீட்டரைத்தான் பார்க்க வேண்டும்.